முனி பாதையில் இரண்டு சாம்பல் குட்டிகள்

நாய் வாங்கப் போகிறேன் என்று என் கணவர் ஓசூர்ப் பக்கம் கிளம்பியபோது பேச்சு ஒரு குட்டிக்குத்தான். திரும்பி வந்து கார்க் கதவைத் திறந்தால் பின்சீட்டில் இரண்டு படுத்திருந்தன. ஒரே ஈற்றில் பிறந்தவை. ஒன்று ஆண், ஒன்று பெண்.

"கடைசி ரெண்டு கெடந்துச்சும்மா. ஒண்ணைத் தூக்குனேன், இன்னொண்ணு சத்தமே போடாம என்னையவே பாத்துச்சு. எப்புடி விட்டுட்டு வர்றது?" என்றார்.

மதுரை சிம்மக்கல்லில் பேப்பர் கப்பும் பாக்குமட்டைத் தட்டும் மொத்த வியாபாரம் செய்கிற மனிதர் அவர். ஒரு கட்டுக்குள் ஒரு தட்டு குறைந்தாலும் ஊரைக் கூட்டுகிறவர். அப்படிப்பட்டவரை ஒரு குட்டியின் பார்வை கவிழ்த்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குத் தோசை ஊற்றவில்லை. குட்டிகளுக்கு மட்டும் சோறு பிசைந்து வைத்தேன்.

வெய்மரானர் என்பது அதன் சாதிப் பெயர். வெளிநாட்டில் வேட்டைக்கு வளர்த்தது என்று செல்போனில் படம் படமாகக் காட்டினார். எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை. "சிப்பிப்பாறையா?" என்று கேட்டார்கள், "ராஜபாளையத்துக்கும் எதுக்கும் கலந்ததா?" என்று கேட்டார்கள். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். விபூதியில் தண்ணீர் பட்டால் ஒரு நிறம் வருமே, அது. கண் வெளிறிய நீலம். முதல் நாள் அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு, பார்வை இல்லாத குட்டிகளை யாரோ இவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

பார்வை நன்றாகத்தான் இருந்தது. நாங்கள்தான் அதில் படவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சமயநல்லூரைத் தாண்டி, வயலைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில் இருக்கிறது. கல் நட்ட மனைகள் நிறைய, கட்டிய வீடுகள் கொஞ்சம். வாசல் பக்கம் நடந்தால் நாற்கரச் சாலை. கொல்லைப் பக்கம் காம்பவுண்டுச் சுவர், அதற்கு அப்பால் சீமைக் கருவேலம் மண்டிய தரிசு, அதையும் தாண்டினால் ரயில் தண்டவாளம். முன்னால் லாரி, பின்னால் ரயில். நடுவில் இரண்டு வேட்டை நாய்க் குட்டிகள்.

ஆண் குட்டி சற்றுப் பெரிது, பெண் சற்றுச் சிறிது. அதனால் பெரியவன், சின்னவள் என்று கூப்பிட ஆரம்பித்தோம். ஓடுவது என்றால் அப்படி ஓடும். வீட்டைச் சுற்றி ஓடும், மாடிப்படியில் ஓடும், கட்டிலுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்து திரும்பவும் ஓடும். சோபாவின் ஒரு கையைத் தின்றன. கடைக்கு எடுத்து வைத்திருந்த ஒரு பெட்டி கப்பைக் கூடம் முழுக்கப் பரப்பிவிட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தன. காயப்போட்ட என் நைட்டியை ஆளுக்கு ஒரு முனை பிடித்து இழுத்து இரண்டாக்கின. குட்டிகள் இருக்கும் வீட்டில் இதெல்லாம் சகஜம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். சகஜமில்லாத ஒன்று இருந்தது. இவ்வளவு அட்டூழியத்தையும் அவை சத்தமே இல்லாமல் செய்தன. குரைப்பு கிடையாது. முனகல் கிடையாது. நான் சமையலறையில் நின்றிருப்பேன், முதுகில் ஏதோ உறுத்தும், திரும்பினால் இரண்டும் வாசற்படியில் நிற்கும். என்னைப் பார்த்துக்கொண்டு அல்ல. என் தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு.

கூப்பிட்டால் வராது. தட்டைத் தட்டினாலும் வராது. ஒன்று இன்னொன்றைப் பார்க்கும், இரண்டும் சேர்ந்து வேறு பக்கம் போகும். நான் என்ன, வீட்டில் நட்டு வைத்த தூணா? சோறு போடுவது நான், கக்கூசு கழுவுவது நான், கடித்த இடத்துக்கு மருந்து போட்டுக்கொள்வதும் நான். எனக்கு ஆத்திரமாக வந்தது.

நாய் பழக்கும் பெண் ஒருத்தி மதுரையிலிருந்து ஸ்கூட்டரில் வாரம் ஒரு முறை வர ஆரம்பித்தாள். முப்பது வயது இருக்கும், கலகலப்பானவள். முதல் நாள் குட்டிகளைப் பார்க்கவில்லை. மாடிக்குப் போய் முன்னால் சாலையையும் பின்னால் தண்டவாளத்தையும் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"அக்கா, கூப்புட்டா வரணும். அது ஒண்ணுதான் நமக்கு வேலை. கை குடுக்குறது, உருளுறது எல்லாம் அப்புறம். இந்த எடத்துல கூப்புட்டா வராத நாயி உசுரோட இருக்காது," என்றாள்.

பிறகு குட்டிகளைக் கொஞ்ச நேரம் கவனித்தாள். "ஒரே ஈத்துக் குட்டிக ரெண்டைச் சேத்து வளத்தா இதான் சிக்கல். அதுகளுக்கு அதுகளே போதும். நீங்க தேவையில்ல. பிரிச்சு வைங்க. தனித்தனி ரூமு, தனித்தனிச் சாப்பாடு, தனித்தனி நடை. உங்க மூஞ்சிய மட்டும்தான் அதுக பாக்கணும்."

பிரித்து வைத்தோம். பெரியவனுக்கு மாடி அறை, சின்னவளுக்குக் கீழே ஸ்டோர் அறை. காலையில் நான் பெரியவனைக் கண்மாய்க்குக் கூட்டிப்போவேன், சாயங்காலம் சின்னவளை. தண்ணீர் வற்றிய கண்மாய் அது, கீறல் விழுந்த மண்ணும் நாணல் கட்டையும்தான். நீளக் கயிற்றின் ஒரு முனை கழுத்துப் பட்டையில், மறு முனை என் கையில். இடுப்பில் ஒரு பை, அதில் அவித்து நறுக்கிய கோழி ஈரல். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், கயிற்றை லேசாகச் சுண்டுவேன், வந்தால் ஈரல். உட்காரச் சொல்லிக் கையை இறக்குவேன், உட்கார்ந்தால் ஈரல். என் உடம்பெல்லாம் ஈரல் வாடை. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆள் உட்காராத அளவுக்கு ஆகிவிட்டது.

பிரித்து வைத்த பிறகுதான் அது தெரிந்தது. ஒருநாள் நான் கண்மாயில் பெரியவனை உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது கணவர் போன் செய்தார்.

"அங்க என்னம்மா பண்ணிக்கிட்டிருக்க?"

"உக்கார வைக்கிறேன். ஏங்க?"

"இல்ல, சின்னவ இங்க ஸ்டோர் ரூம்ல உக்காந்து உக்காந்து எந்திரிக்கிறா. யாருமே சொல்லல. சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்கார்றா."

அவருக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன். மறுநாள் அவர் வீடியோ எடுத்து அனுப்பினார். ஸ்டோர் அறையின் நடுவில் சின்னவள் உட்கார்கிறாள், எழுகிறாள், நாலடி நடந்து வந்து மறுபடி உட்கார்ந்து, வாயைத் திறந்து ஈரலை வாங்குவதுபோல் மெல்ல மூடுகிறாள். அதற்கு அடுத்த நாள் வீடியோ கால் போடச் சொல்லி, அதைப் பார்த்துக்கொண்டே நான் பெரியவனுக்கு எதிரே நின்றேன். வாயைத் திறக்காமல் கையை மட்டும் இறக்கினேன். அவன் உட்கார்ந்தான். போனில் சின்னவளும் உட்கார்ந்தாள். கண்மாயில் நல்ல வெயில். இருந்தும் எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது.

பழக்க வருகிறவளிடம் காட்டினேன். "நேரம் பழகியிருக்கும்கா. ஒரே மணிக்கு ஒரே வேலை செஞ்சா அப்படித்தான்," என்று சிரித்தாள். நேரத்தை மாற்றிப் பார்த்தேன். ஆளை மாற்றிப் பார்த்தேன், கணவர் கண்மாய்க்குப் போனார், நான் வீட்டில் இருந்தேன். எதுவும் மாறவில்லை. அவளிடம் மறுபடி சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாள்.

ஆனால் வேலை நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் சாயங்காலம் சின்னவளின் கயிறு கையிலிருந்து நழுவிவிட்டது. அவள் கண்மாய்க் கரைமேல் ஏறிவிட்டாள். "சின்னவளே, வாடி," என்று கூப்பிட்டேன். நின்றாள். திரும்பினாள். கயிறு மண்ணில் இழுபட, காது பின்னால் பறக்க, நேராக என்னிடம் ஓடி வந்து முழங்காலில் முட்டினாள். அந்தக் கண் அதற்குள் நீலம் போய்த் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. அது என் கண்ணைப் பார்த்தது. நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். பெற்ற பிள்ளை முதல் தடவை அம்மா என்று சொன்னபோதுகூட நான் இப்படி அழவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் அவன் இதைப் படிக்கமாட்டான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பெரியவனும் அடுத்தடுத்த நாட்களில் வந்தான். தனியாக விட்டால் இரண்டும் வந்தன. சேர்த்து விட்டால் மட்டும் பழைய கதைதான். ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு போய்விடும். "இன்னும் கொஞ்ச நாள்கா," என்றாள் பழக்குகிறவள். சேர்த்து விடுவது கொல்லையில் மட்டும், காம்பவுண்டுக்குள் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். அந்தச் சுவர்தான் எங்களுக்கு நம்பிக்கை.

இந்தச் சாதி நாய்க்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. இரையின் வாடை பட்டால் பாயாது. அப்படியே உறைந்து நிற்கும். முன்னங்கால் ஒன்று மடங்கித் தூக்கியிருக்கும், வால் நேராக நீண்டிருக்கும், மூக்கு இரை இருக்கும் இடத்தைக் காட்டும். வேட்டைக்காரன் வரும்வரை காட்டிக்கொண்டே நிற்கும். கண்மாய்ப் பக்கம் புதரைக் காட்டி நின்றால் உள்ளேயிருந்து கௌதாரி படபடவென்று கிளம்பும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு கொல்லையில் காட்ட ஆரம்பித்தன. பொழுது சாய்கிற நேரம் இரண்டையும் அவிழ்த்து விடுவோம். சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பவை திடீரென்று நிற்கும். இரண்டுக்கும் ஒரே கால் மடங்கும். இரண்டு மூக்கும் கிழக்குச் சுவரில் ஒரே இடத்தைக் காட்டும். எலியாக இருக்கும் என்று கணவர் கம்பை எடுத்துக்கொண்டு போனார். பாம்போ என்று சுவரோரம் முழுக்க மண்ணைக் கிளறினார். ஒன்றும் இல்லை. நான் கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் கவனித்தேன், அவை தரையைக் காட்டவில்லை. மூக்கு மேலே நிமிர்ந்திருந்தது. சுவருக்கு மேலே, ஓர் ஆள் அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தால் முகம் எங்கே இருக்குமோ, அங்கே.

தினமும் நடந்தது. நான் கூப்பிட்டாலும் அசையாது, ஈரலை மூக்கிலேயே வைத்தாலும் அசையாது. தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் சதை மட்டும் விடாமல் நடுங்கிக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு மனை விற்ற குடும்பத்து அக்கா பக்கத்திலேயே மிச்சம் இருக்கிற வயலில் கீரை போட்டிருந்தார். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் இருக்கிறவர்கள். ஒருநாள் கீரை கொடுக்க வந்தவர் குட்டிகள் நிற்பதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். கையிலிருந்த கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டார்.

"ஏத்தா, இது எம்புட்டு நாளா நடக்குது?"

"ஒரு மாசம் இருக்கும்க்கா. எலி கிலி இருக்கும்."

"எலியவா அண்ணாந்து பாக்குது? இது அய்யா போற பாதைத்தா. கம்மாக்கரை முனியய்யா பொழுது சாஞ்சா ஆத்துக்குப் போவாக. வயலா இருந்த வரைக்கும் வரப்புமேல போயிக்கிட்டிருந்தாக. இப்ப நீங்க சுவத்தைக் கட்டிப்புட்டீக. பாவம், அந்தப் பக்கம் நிக்கிறாக."

"மனை விக்கிறப்ப இதைச் சொல்லலையேக்கா," என்றேன்.

"சொன்னா வாங்குவீகளா?" என்றார் அவர், கொஞ்சமும் வெட்கப்படாமல். "பயப்படாதீக. ஒண்ணும் பண்ணமாட்டாக. சுவத்துல ஒரு வழி மட்டும் விட்டுருங்க. கெழக்க ஒண்ணு, மேக்க ஒண்ணு, நேருக்கு நேரா. இந்தப் பக்கம் எல்லாரும் அப்புடித்தான் விட்டிருக்கோம்."

அது உண்மைதான். ஊருக்குள் சில வீடுகளில் அப்படி ஓட்டை உண்டு, எதிரும் புதிருமாக இரண்டு சுவரிலும் ஒரு சாண் அளவுக்கு. காற்றுக்கு விட்டது என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நாய் வளர்க்கிற வீட்டில் சுவரை ஓட்டை போடுவதாவது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் கணவர் அந்த நேரம் வாயே திறக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கடையின் வெளியூர்ப் பார்சல்களை ஏற்றிவிட்டு நான் களைத்து வந்த ஒருநாள், கொல்லையில் சிமெண்ட் வாடை அடித்தது. கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் இடுப்பு உயரத்துக்கு இரண்டு வாசல். ஓரமெல்லாம் பூசி, நேர்த்தியாக.

"ஒரு சாண் போதும்னுதானே அந்தக்கா சொன்னாக?" என்றேன். கத்தக்கூட எனக்குத் தெம்பில்லை.

"சாமி என்ன பூனையா, தவந்து போறதுக்கு?" என்றார். "நல்லா குனிஞ்சு போற மாதிரியாச்சும் விட வேணாமா?"

"நாய் போயிருமேங்க. பின்னாடி ரயில் ஓடுது. இம்புட்டு நாள் நான் பட்ட பாடெல்லாம் எதுக்கு?"

கம்பிக் கேட்டுப் போடச் சொன்னேன். கதவு போட்டால் வழி விட்டதாக ஆகாது என்று அவர் ஒரே பிடிவாதம். கடைசியில் இரண்டு மூங்கில் தட்டிகள் வாங்கினோம். குட்டிகள் கொல்லையில் இருக்கும்போது தட்டியைக் கயிற்றால் கட்டி மூடுவது, அவற்றை வீட்டுக்குள் விட்டதும் அவிழ்த்து ஓரமாகச் சாய்த்து வைப்பது. அது அவர் வேலை. நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னால் நம்புகிறவர்கள் நம்பட்டும். வழி விட்ட மறுநாளிலிருந்து குட்டிகள் சுவரைக் காட்டுவது நின்றுவிட்டது.

அதற்குப் பதில் வேறொன்று ஆரம்பித்தது. பொழுது சாயும் நேரம் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கொல்லையின் நடுவில் எதிரெதிராகப் போய்ப் படுத்துக்கொள்ளும். கிழக்கிலிருந்து மேற்கே போகிற ஒரு தடத்தின் இரண்டு ஓரத்திலும் காவல் இருப்பதுபோல். கொஞ்ச நேரத்தில், தட்டி கட்டியிருக்கும்போதே, இரண்டு தலையும் கிழக்கே நிமிரும். அங்கிருந்து மெல்ல மேற்கே திரும்பும், ஓர் ஆள் அவசரமில்லாமல் நடக்கிற வேகத்தில். நடுவில் ஓரிடத்தில் திரும்புவது நிற்கும். அப்போது இரண்டுக்கும் காது பின்னால் படியும், கண் பாதி மூடும், வால் நுனி மண்ணில் தட்டும். தடவிக் கொடுத்தால் நாய் அப்படித்தான் இருக்கும். பிறகு தலை மறுபடி மேற்கே திரும்பும். முடிந்ததும் எழுந்து உடம்பை உதறிவிட்டு ஓட ஆரம்பித்துவிடும்.

கணவர் அந்த நேரம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். எனக்குப் பயமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம். நான் ஈரல் நறுக்கி நறுக்கி, வெயிலில் கறுத்து, தொண்டை வற்றக் கூப்பிட்டு வாங்கிய பார்வையை யாரோ ஒன்றுமே கொடுக்காமல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்து, "பெரியவனே வாடா, சின்னவளே வாடி," என்று கத்தினேன். இரண்டும் கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டின. பிறகு தலையை அண்ணாந்து அந்த வெறும் இடத்தைப் பார்த்தன, இது யார் இப்படிக் கத்துகிறது என்று கேட்பதுபோல். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அது ஆடி மாதம். புழுதியை வாரி இறைக்கிற காற்று. அன்று சாயங்காலம் குட்டிகளை நான்தான் அவிழ்த்துவிட்டேன். தட்டிகள் இரண்டும் கட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனேன். கணவர் கூடத்தில் கடைக்காரர் ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தது எனக்கு மாடிவரை கேட்டுக்கொண்டிருந்தது. துணியை அள்ளிக்கொண்டு கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். குட்டிகளைக் காணோம்.

மேற்குத் தட்டி வழியில் இல்லை. காற்றில் விழுந்திருந்தால் மண்ணில் கிடந்திருக்கும். அது கயிறு அவிழ்ந்து, சுவரோரம் அழகாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

துணியை எங்கே போட்டேன் என்று தெரியாது. "தட்டிய அவுத்தீகளா?" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். "நான் எந்திரிக்கவே இல்லயே," என்று அவர் போனோடு எழுந்து ஓடிவந்தார். அந்த வழியில் குனிந்து நுழைந்து, கருவேல முள் சேலையைக் கிழிக்க, தரிசில் ஓடினோம். காற்று எதிரே அடித்தது. கூப்பிட்ட குரல் எங்களுக்கே திரும்பி வந்தது.

தண்டவாள மேட்டுக்குக் கீழே போய் நின்றபோது தெரிந்தன. இரண்டும் அந்தப் பக்கம் இருந்தன. தண்டவாளத்தைத் தாண்டி, மேட்டின் மறுபக்கச் சரிவின் மேல்விளிம்பில், ஆற்றுப் பக்கம் பார்த்து நின்றன. உயிரோடு இருந்தன. எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் ரயில் ஊதியது. திண்டுக்கல் பக்கமிருந்து சரக்கு ரயில், வளைவைத் தாண்டிவிட்டது. சத்தம் கேட்டுக் குட்டிகள் திரும்பின. எங்களைப் பார்த்தன. இரண்டும், ஒரே நேரத்தில், என் கண்ணைப் பார்த்தன. சேர்ந்து இருக்கும்போது அவை என்னை முகத்துக்கு நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கூப்பிட்டால் வந்துவிடும். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. இத்தனை மாதம் எதற்காகக் காத்திருந்தேனோ, அது இப்போது பழுத்து நிற்கிறது. நேராக என்னிடம் ஓடி வரும், நடுவில் தண்டவாளம். கணவர் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். நான் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். என் உதட்டை நானே கடித்துக்கொண்டேன். சின்னவளின் முன்னங்கால் ஒன்று தரையை விட்டு எழும்புவதைப் பார்த்தேன். வராதே, வராதே என்று மனதுக்குள் கெஞ்சினேன். 'இரு' என்று ஒரு வார்த்தை அவற்றுக்குச் சொல்லித் தரவில்லையே, வா என்று மட்டும்தானே பழக்கினேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ரயில் வந்து மறைத்துவிட்டது.

எத்தனை பெட்டி என்று எனக்குத் தெரியாது. முடியவே இல்லை. நிலம் அதிர்ந்தது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் சந்தில் அந்தப் பக்கம் கண்ணிமைக்கும் நேரம் தெரியும், மறையும். முதல் சந்தில் சாம்பல் நிறம் தெரிந்தது. அடுத்த சந்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அடுத்ததில் இரண்டும் தெரிந்தன. உட்கார்ந்திருந்தன. மறுபடி சந்து, மறுபடி உட்கார்ந்திருந்தன. கழுத்து இரண்டும் லேசாகப் பின்னால் இழுபட்டு, மார்பு முன்னால் தள்ளி இருந்தது. பட்டையை நான் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டால்தான் அவை அப்படி உட்காரும்.

கடைசிப் பெட்டி போனது. சத்தம் மதுரைப் பக்கம் தேய்ந்தது. புழுதி அடங்கியபோது இரண்டும் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தன. நடுவில் கொஞ்சம் இடம் விட்டு. பக்கத்தில் யாரும் இல்லை. கருவேலமும் காற்றும்தான்.

"பெரியவனே, வாடா. சின்னவளே, வாடி," என்று கூப்பிட்டேன். அவை அசையவில்லை. என்னைப் பார்த்தன. பிறகு இரண்டும் தலையை நடுப்பக்கம் திருப்பி, அண்ணாந்து பார்த்தன. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அண்ணாந்து பார்த்தன. எழுந்து வர ஆசை இருந்தது, வால் மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தது. போக உத்தரவு கிடைக்கவில்லை.

கணவர் என் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் சேலையைச் சரி செய்துகொண்டேன். ஏன் செய்தேன் என்று தெரியாது. தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த இரண்டு குட்டிகளுக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்து, வாழ்நாளில் யாரிடமும் இறங்கிப் பேசாத நான் சொன்னேன்.

"அய்யா, பிள்ளைகள அனுப்பி விடுங்க."

இரண்டும் எழுந்தன. கழுத்தை உதறிக்கொண்டன. தண்டவாளத்தைத் தாண்டி, ஓடாமல், நடந்து வந்தன. பெரியவன் என் உள்ளங்கையை நக்கினான், சின்னவள் முழங்காலில் முட்டினாள். நான் இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் அங்கே கிடந்தேன் என்று தெரியாது. இனி என்ன ஆனாலும் சரி, இரண்டும் எனக்கு வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொழுது இறங்கிவிட்டது. வீட்டுக்குத் திரும்பினோம். கயிறு எடுத்து வரவில்லை, ஆனால் அவை எங்கும் போகவில்லை, எங்களுக்கு முன்னால் நடந்தன. எப்போதும் தோளோடு தோள் உரச நடப்பவை அன்று ஓர் ஆள் நடக்க இடம் விட்டு நடந்தன. கணவரும் அதைப் பார்த்தார். நான் அந்த இடைவெளியில் கால் வைக்காமல், பின்னாலேயே நடந்து போனேன்.